பெயர் சுமக்கும் நிரல்கள்



காரிமங்கலத்தில் என் வீட்டிற்கு அடுத்த தெருவில் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய மடிக்கணினியின் நினைவகம் 2 ஜிகாபைட். பெரிய நிரல் ஒன்றில் பிழை தேட எண்ணி, பிழைநீக்கக் குறிப்புகளோடு அதனை இயந்திர மொழிக்குப் பெயர்க்கத் தொடங்கினாள். இரவெல்லாம் ஓடிய வேலை, துண்டுகளை ஒன்றிணைக்கும் கட்டத்தில் நினைவகம் போதாமல் நின்றுவிட்டது. "குறிப்புகள் இல்லாமல் செய்தால் முடிகிறதே, ஐயா! இது ஏன்?" என்று வந்து கேட்டாள். விடை அரை நூற்றாண்டுப் பழமை உடையது.

நாம் எழுதும் நிரலில் மாறிகளுக்குப் பெயர் உண்டு. வரிகளுக்கு எண் உண்டு. இயந்திரத்திற்கு முகவரி எண் ஒன்றே போதும். பெயர்கள் வேண்டுவது, பிழை நேர்ந்த இடத்தைத் தேடும் மனிதருக்கே.

1971-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயக்கமுறை பி.டி.பி.-11 என்னும் இயந்திரத்தில் இயங்கியது. நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயக்கமுறைக்கே போயிற்று. எஞ்சிய 8-இல்தான் பயனரின் நிரல் அடங்கவேண்டும். வட்டோ 512 கிலோபைட். ஒரு பெயரைப் பதிந்து வைக்க 12 பைட்டு தேவை. நூறு பெயருக்கு 1,200. இன்று அற்பம், அன்று பெருஞ்செலவு. ஆகவே அவ்வாண்டு நவம்பரில் வெளியான முதற் கையேட்டிலேயே, பெயர்களை உரித்தெறியும் 'ஸ்ட்ரிப்' என்ற கட்டளை இடம்பெற்றது. அப்பெயர்களைக் கொண்டு பிழை தேடும் கருவியும் அதே கையேட்டில் இருப்பது சுவையான செய்தி.

1980-களில் அங்கேயே 'டுவார்ஃப்' என்னும் முறை உருவாயிற்று. பெயருக்குக் குள்ளன் என்று பொருள், உருவமோ பூதாகாரம். எந்தக் கட்டளை எந்த வரியில் பிறந்தது, எந்த மாறி எங்கே இருக்கிறது, அதன் வகை யாது என்பனவெல்லாம் அதில் பதிவாகும். ஒரே வகையை நூறு கோப்புகள் பயன்படுத்தினால், அதன் விவரம் பெரும்பாலும் நூறு முறை எழுதப்படும். இணைக்கும் கருவி இவற்றையெல்லாம் திரட்டிச் சேர்க்கவேண்டும். 32 பிட்டு இயந்திரமாயின், ஒரு நிரல் எட்டக்கூடிய முகவரி எல்லையே 4 ஜிகாபைட்தான். வட்டு எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை.

இக்குறிப்புகளால் கோப்பு பருக்கும். ஆனால் நிரல் வழக்கம்போல் ஓடும்போது அவை நினைவகத்தில் ஏறுவதில்லை. சுமையெல்லாம் நிரலைக் கட்டுவோர் தலையில்தான். 2013-இல் வெளிவந்த ஜி.சி.சி. 4.8, குறிப்புகளின் பெரும்பகுதியைத் தனிக்கோப்புகளில் ஒதுக்கி, இணைக்கும் கட்டத்திலிருந்து விலக்க வழி செய்தது.

அம்மாணவிக்கு நான் சொன்னது இதனினும் எளிது. "ஐயமுள்ள இரண்டு கோப்புகளை மட்டும் குறிப்புகளோடு பெயர்த்தெடு, அம்மா, மற்றவை அப்படியே இருக்கட்டும்" என்றேன். மறுநாள் மாலை அவள் வந்தாள். பிழை இரண்டாவது கோப்பின் 214-ஆம் வரியில் இருந்ததாம்.