நீர் விரயத் தடுப்பான்

கழிப்பறையைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வரலாறு கற்பிப்போனுக்கு அரண்மனையும் அடுக்களையும் ஒன்றே; கழிப்பறையும் அவற்றோடு சேர்ந்ததே. ஒரு நகரம் தன் கழிவை எவ்வாறு அகற்றியது என்பதை அறிந்தால், அந்நகரத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு மாண்டனர் என்பதையும் அறியலாம். இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது என் வீட்டில் ஏற்பட்ட ஒரு சிறு கசிவு.

கழிப்பறைத் தொட்டிக்கு நீர் கொண்டுவரும் குழாய், தொட்டியுடன் இணையும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்கள் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எண்பது வயதைக் கடந்த என் தாயாரோ அதன் கீழ் ஒரு பழைய மைலோ டின்னை வைத்து, நிறைய நிறைய எடுத்துச் சென்று கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றி வந்தார். தோட்டத்து லயத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே குழாய் என்றிருந்த நாளில், விடியுமுன் வரிசையில் நின்று நீர் பிடித்தவர் அவர். “பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறாய், வீட்டில் நீ கேட்க மாட்டேன் என்கிறாயே, ஐயா” என்றார் ஒருநாள். அச்சொல் சுட்டது.

அன்றிரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சொட்டிய நீரை அளந்தேன். ஒன்றரை லிட்டருக்குச் சற்றே குறைவு. நொடிக்கு ஒரு துளி, இருபது துளிக்கு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 86,400 துளிகள், அதாவது 4.3 லிட்டர். ஓராண்டில் அது ஏறத்தாழ 1,577 லிட்டராகும். இதில் ஒரு முரண் உண்டு. இத்தொட்டிக்கு ஆங்கிலேயர் இட்ட பழைய பெயரே ‘நீர் விரயத் தடுப்பான்’ என்பதுதான். அப்பெயர் வந்த வரலாறு சுவையானது.

நீரூற்றிக் கழுவும் கழிப்பறையை இங்கிலாந்தில் முதன்முதலாக விளக்கி எழுதியவர் சர் ஜான் ஹாரிங்டன். முதலாம் எலிசபெத் அரசியாரின் ஞானமகனான அவர், 1596ஆம் ஆண்டில் தம் கருவியைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டார். ஆயினும் அது பரவவில்லை. வீடுதோறும் குழாய் நீரும் இல்லை. கழிவைக் கொண்டுசெல்லும் சாக்கடையும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு தனித்து நின்று வாழ்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின், 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கைவினைஞர் காப்புரிமை பெற்றார். வெளியேறும் குழாயை வளைத்து, அவ்வளைவில் நீர் எப்போதும் தங்கி நாற்றத்தைத் தடுக்குமாறு செய்தது அவர்தம் சிறப்பு. 1778இல் ஜோசப் பிராமா அமைப்பை மேலும் திருத்தினார். 1851இல் லண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிப்பறைகளை, ஒரு பென்னி கட்டணம் செலுத்தி, 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர்.

ஆனால், கழிப்பறைகள் பெருகிய வேகத்தில் சாக்கடைகள் பெருகவில்லை. கழிவெல்லாம் தேம்ஸ் நதியில் கலந்தது. அந்நதியின் நீரையே மக்கள் பலர் பருகினர். வாந்திபேதி மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் எழுந்த பெருநாற்றம் நாடாளுமன்றத்தையே நிலைகுலையச் செய்தது. அதன் பின்னரே ஜோசப் பேசல்ஜெட் தலைமையில் பெருஞ்சாக்கடைகள் கட்டப்பட்டன.

சாக்கடை வந்தது, அடுத்து நீர்ப் பற்றாக்குறை தலைதூக்கியது. தொட்டியின் அடியில் இருந்த அடைப்பான் தேய்ந்தால் நீர் ஓயாது ஒழுகும், யாரும் கவனிப்பதில்லை. ஆகவே, 1871ஆம் ஆண்டின் லண்டன் நீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள், ஒருமுறைக்கு இரண்டு கேலனுக்கு மேல் நீர் விடாத விரயத் தடுப்புத் தொட்டிகளைக் கட்டாயமாக்கின. இரண்டு கேலன் என்பது ஒன்பது லிட்டர். நம் பழைய தொட்டிகள் ஒன்பது லிட்டர் கொண்டனவாய் இருந்ததன் மூலம் இதுவே.

அடைப்பானே இல்லாவிடில் ஒழுக்கும் இல்லை அன்றோ? தொட்டிக்குள் ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வளைகுழாய் ஒன்றை அமைத்தனர். கைப்பிடியை இழுத்தால் சிறிது நீர் வளைவின் உச்சியைத் தாண்டும். அதனைத் தொடர்ந்து முழு நீரும் இறங்கும். இழுக்காதவரை நீர்மட்டம் உச்சிக்குக் கீழேயே நிற்கும். 1898இல் ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் இத்தகைய அடைப்பானற்ற தொட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வளைகுழாய் முறையே 2001 வரை பிரிட்டனில் விதியாக நிலைத்தது. பின்னர் 1980இல், வறண்ட ஆஸ்திரேலியக் கண்டத்தில் புரூஸ் தாம்சன், முழு அளவு, பாதியளவு என இரு பொத்தான்கள் கொண்ட தொட்டியைக் கரோமா நிறுவனத்திற்காக உருவாக்கினார்.

நம் பக்கத்து வரலாறும் நெஞ்சில் நிற்கத்தக்கது. கடைவீடுகளின் பின்சந்துகளில், இருள் பிரியுமுன் மலவாளிகளைச் சுமந்து சென்ற மனிதர்கள் இருந்தனர். சிங்கப்பூரில் அம்முறை 1987இல்தான் முற்றுப்பெற்றது. அம்மனிதர்தம் தோளிலிருந்து வாளியை இறக்கிவைத்தது இந்தத் தொட்டியும், அதற்கு வரும் குழாய் நீருமே. அந்நீரின் அருமையை 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் நன்கறிந்தனர். பங்கீட்டு நீருக்காக வாளிகளுடன் லாரியை எதிர்நோக்கி நின்றவர்களுள் இளம் ஆசிரியனாக இருந்த நானும் ஒருவன்.

இவற்றையெல்லாம் எண்ணியவாறே ஞாயிறன்று பழுதுபார்க்க அமர்ந்தேன். சுவரோரத்துத் திருகைப் பூட்டி, தொட்டி நீரை வெளியேற்றி, வாளியைக் கீழே வைத்து, இணைப்பு மரையைக் கழற்றினேன். உள்ளிருந்த ரப்பர் வாசர் இறுகி வெடித்திருந்தது. இத்தகைய இணைப்பில் நீரைத் தடுப்பது அந்த வாசரே. மரையின்மேல் வெள்ளை நாடாவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை. புதிய வாசரை இட்டு, மரையைக் கையால் இறுக்கி, பின்னர்க் கருவியால் கால் சுற்று மட்டும் திருப்பினேன். பிளாஸ்டிக் திருகுமுனை மிகை வலிமையைத் தாங்காது, வெடித்துவிடும். உலர்ந்த தாளால் துடைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். தாளில் ஈரம் படியவில்லை. செலவு சில காசுகள்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரும் கைவினைஞரும் பாடுபட்டு உருவாக்கிய ஏற்பாடு, காசுக்கும் பெறாத வளையம் ஒன்றின் அசட்டையால் பயனற்றுப் போகக்கூடும். சட்டம் தொட்டியின் அளவை வரையறுக்கலாம். சொட்டும் துளியைக் காண வீட்டுக்காரனின் கண்ணே வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் மேற்கண்ட கணக்கை மாணவருக்கு வீட்டுப் பயிற்சியாக அளிக்கலாம். விடையை எழுதுமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழாயை ஒருமுறை தொட்டுப் பார்த்து வரட்டும்.

மைலோ டின் இப்போது காலியாக இருக்கிறது. என் தாயார் அதை எறியவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.