வாடகை வீட்டுப் பொருட்களுக்கும் வயதுண்டு

சுவிசில் வாடகைக்கு விடவென வீடு வாங்கும் எம்மவர் பலர், குடியிருப்பவர் பழுதாக்கிய பொருளுக்குப் புதுவிலையே கேட்கலாம் என நினைக்கின்றனர். அது நடவாது. வீட்டு உரிமையாளர் சங்கமும் வாடகையாளர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட ஆயுட்கால அட்டவணையில் குளிர்சாதனப் பெட்டிக்கு 10 ஆண்டுகள், சாதாரண சுவர்ப்பூச்சுக்கு 8. 1000 பிராங்குக்கு வாங்கி 6 வருடம் பாவித்த பெட்டியை ஒருவர் உடைத்தால் 400 பிராங்குதான் கேட்கலாம். பூச்சு 8 வருடம் கடந்த சுவரில் பிள்ளைகள் கீறியிருந்தால் ஒரு சதமும் இல்லை!

திறப்பைத் திரும்ப வாங்கும்போது வீட்டைப் பார்வையிட்டு, குறைகளை உடனே அறிவிக்கவும் வேண்டும் (கடப்பாட்டுச் சட்டம், 267ஏ). முகத்துக்காக அன்று பேசாமல் விட்டால், கண்ணுக்குத் தெரிந்த சேதத்துக்குப் பிறகு கேட்க முடியாது. பொருட்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். அவற்றின் வயதைக் காட்ட அவைதான் கையிலிருக்கும் சான்று.