மணப்பந்தலில் விரிந்த ஓலை

1967-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கி வெளியிட்ட 'திருவருட்செல்வர்' படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற வேடங்களுள் சேக்கிழாரும் சுந்தரரும் அடங்குவர். பூந்தமல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்து, இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராயிருந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழார், தம் காவிய நாயகனாகிய சுந்தரரின் அடியார் வாழ்க்கையை ஒரு நின்றுபோன திருமணத்திலிருந்தே தொடங்குகிறார்.

புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணக்கச் சுந்தரர் பந்தலில் அமர்ந்திருந்த வேளையில், முதியவர் ஒருவர் வந்து அவரைத் தம் அடிமை என்றார். மணமகனின் பாட்டனார் தம்மையும் தம் வழித்தோன்றல்களையும் அடிமையாக எழுதிக் கொடுத்த ஆளோலை, அதாவது அடிமைப் பத்திரம், தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். அதைப் பறித்துச் சுந்தரர் கிழித்தெறிந்தபோதும், கிழிந்தது படியோலையே என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறித் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வழக்கைக் கொண்டு சென்றார். ஆட்சி எனப்படும் நெடுநாள் வழக்கம், எழுதப்பட்ட ஆவணம், கண்டவர் சாட்சியாகிய காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு அவையினர் கேட்டு, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்பளித்தனர். அரசு நிருவாகத்தில் பழகியவர் எழுதியது என்பதற்கு இக்காட்சியை விடச் சிறந்த சான்று காவியத்தில் இல்லை எனலாம். முதியவர் சிவபெருமானே என்பது பின்னரே தெரிகிறது.

உற்றார் அனைவரும் கூடும் இடமாதலால், குடும்பம் மறைத்ததும் மறந்ததும் வெளிப்படுவதற்கு மணப்பந்தலே உரிய களமாகிறது. மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001) படத்தில் தில்லித் திருமண வீடொன்றில் சிறுமியரிடம் முறைகேடாக நடந்த பெரியவரின் செயல் அம்பலமாகி, அவர் வெளியேற்றப்படுகிறார். புத்தூரிலோ மூத்தவரின் எழுத்து பேரனைக் கட்டிப்போடுகிறது. ஆயினும் பெயர்கூடச் சுட்டப்படாத அந்த மணமகள், சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் என்று சேக்கிழார் மிகச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வது வருத்தத்துக்குரியது. அவளுக்கு நேர்ந்த இழப்பை எந்த அவையும் விசாரிக்கவில்லை.

சுந்தரர் வாழ்வில் இத்தகைய இரண்டாவது மறைவு, தொண்டை நாட்டு ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியாரைச் சூழ்ந்தது. பெண் கேட்ட வீட்டாருக்கு நேர்ந்த சாவைக் கண்டு அஞ்சிய பெற்றோர், அவரைத் திருவொற்றியூருக்கு அழைத்துச் சென்று கன்னிமாடத்தில் தங்கவைத்தனர். திருவாரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்திருந்த சுந்தரர், சங்கிலியாரையும் மணப்பதற்காக, அவரைப் பிரியேன் என்று சன்னிதியில் சூளுரைக்க வேண்டியிருந்தபோது, இறைவனை அவ்வேளையில் மகிழமரத்தடிக்குப் போய்விடுமாறு தனியே வேண்டிக்கொண்டார். இறைவனோ அதைச் சங்கிலியாருக்கு உணர்த்தினார்; சூளுறவு மகிழின் கீழேயே நடந்தது. அதை மீறி ஊரெல்லை கடந்ததும் பார்வை இழந்த சுந்தரர், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள வட திருமுல்லைவாயிலுக்கு வந்து பாடிய பதிகத்தில், சங்கிலியாரின் பொருட்டே கண்ணை இழந்ததை அவர் பெயர் சொல்லியே முறையிடுகிறார். புராணம் எழுதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்திய இப்பதிகம், அக்குடும்பச் சிக்கலுக்குக் கணவன் வாய்மொழியாகவே கிடைத்த ஆவணம் என்பதால் தனி மதிப்புடையது. தனியே பேசி மறைக்க முயன்ற அந்தச் சூளுறவு, இன்றும் மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூர்க் கோயிலில் மகிழடி சேவையாக ஊரறிய நிகழ்த்தப்படுகிறது.