கழுத்தில் வெள்ளை பூசிய சிலிண்டர்

தளவானூர்ப் பாறையில் சத்ருமல்லேசுவரக் குடைவரையை மகேந்திரவர்மன் எடுப்பித்தது ஏழாம் நூற்றாண்டில். உளியும் சுத்தியலும் போதுமாயிருந்தன. இன்று அதே செஞ்சி வட்டாரத்தில் ஏரி மண்ணை அள்ளவே ஜேசிபி வர வேண்டும். அதன் பக்கெட் தேய்ந்துபோனால் வண்டி வெல்டிங் பட்டறைக்குப் போகும். அங்கே சுவரோரம் சங்கிலி கட்டி நிறுத்திய கறுப்புச் சிலிண்டரைத் திறந்தால்தான் பழைய தகடு அறுபடும். கட்டிங் கேஸ் என்று பட்டறைக்காரர் சொல்வது வேறொன்றுமில்லை, ஆக்சிஜன்தான்.

அது புறப்படும் இடம் ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களின் காற்றுப் பிரிப்பு ஆலை. காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் மைனஸ் 183 டிகிரியில் ஆக்சிஜன் திரவமாகிறது. டேங்கரில் ஏறி நிரப்பு நிலையம் வந்து, மறுபடி வாயுவாகி, சிலிண்டருக்குள் அழுத்தி அடைக்கப்படுகிறது. பெரிய சிலிண்டர் ஒன்றில் 7 கனமீட்டர் பிடிக்கும். எடையில் பார்த்தால் 10 கிலோகூட இல்லை; அதைச் சுமக்கும் இரும்போ 50 கிலோவுக்கு மேல். ஆக, இந்த வியாபாரத்தில் சரக்கைவிடப் பாத்திரமே பெரிது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் நாடு தடுமாறியதும் இந்தப் பாத்திரத்தால்தான்.

பட்டறையிலிருந்து திருச்சிக்குப் போவோம். அங்கே பெல் கொதிகலன் ஆலையை நம்பித் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் நிறைய ஃபேப்ரிகேஷன் கூடங்கள் உண்டு. கனமான தகட்டைச் சுடரால் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் ஆக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்பே எரிந்து வழிவிடும். தூய்மை 99.5 சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் குறைந்தாலே வெட்டும் வேகம் ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும்.

கொரோனா தொற்றுக்கு முன் நாடு முழுக்க மருத்துவத்துக்குத் தேவைப்பட்டது நாளுக்குச் சுமார் 700 டன். இரண்டாம் அலையின் உச்சத்தில் அது 9,000 டன்னை நெருங்கியது. ஏப்ரல் 22 முதல், ஒன்பது துறைகள் தவிர்த்த ஆலைகளுக்கு ஆக்சிஜன் தர மத்திய அரசு தடை விதித்தது. சிலிண்டர் செய்யும் ஆலைகளும் அந்த ஒன்பதில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. சில நாளிலேயே, திரவ ஆக்சிஜனை மருத்துவம் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு இறுகியது. கட்டிங் மேசைகள் நின்றன. தகடு இருந்தும், ஆர்டர் இருந்தும், ஆள் இருந்தும் வேலை இல்லை.

கறுப்புச் சிலிண்டர்கள் பட்டறையை விட்டுக் கிளம்பின. உள்ளே சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லையென்று உறுதி செய்து, கழுத்தில் வெள்ளை பூசினால் அது மருத்துவச் சிலிண்டர். ஆர்கான், நைட்ரஜன் டேங்கர்களும் அப்படியே ஆக்சிஜனுக்கு மாற்றப்பட்டன. ஸ்ரீபெரும்புதூர் சரக்கு ஆந்திரம், தெலங்கானாவுக்குத் திருப்பப்படுவதை எதிர்த்து ஏப்ரல் இறுதியில் அப்போதைய முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மே 14 அன்று மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து சுமார் 80 டன்னுடன் தமிழகத்தின் முதல் ஆக்சிஜன் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்தது. பக்கத்து ஆலையின் சரக்கு வெளியே போக, தொலைதூர உருக்கு நகரத்தின் சரக்கு உள்ளே வந்த இந்தக் கணக்கை டெல்லியில் யார் போட்டார்களோ!

உயிருக்கு முன் பக்கெட் தகடு எம்மாத்திரம், தடையில் தவறில்லை. ஆனால் பெரிய ஆலைகள் பராமரிப்பு விடுமுறையை முன்கூட்டி எடுத்துச் சமாளித்தன. மாருதி அதைத்தான் செய்தது. நாலு பேரை வைத்து நடத்தும் கூடத்துக்கு அந்த வசதி ஏது?

பிறகு மருத்துவமனைகளில் காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜன் பிரிக்கும் பிஎஸ்ஏ இயந்திரங்கள் வந்தன. பிஎம் கேர்ஸ் நிதியில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவை தருவது ஏறக்குறைய 93 சதவீதத் தூய்மை. நோயாளிக்கு அது போதும், இரும்பை அறுக்கப் போதாது. கட்டிங் மேசை இன்றும் நம்பியிருப்பது அதே டேங்கரைத்தான்.