ஜட்சன் நாள்

மியான்மாவின் பாப்டிஸ்ட் சபைகள் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் கொண்டாடும் நினைவுநாள் ஜட்சன் நாள். அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் (1788–1850) தம் மனைவி ஆனுடன் 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில் கரையிறங்கியதை இது குறிக்கிறது. கிறிஸ்துமஸும் கரேன் புத்தாண்டும் அந்நாட்டில் அரசு விடுமுறைகள். ஜட்சன் நாளோ சபைக்குள்ளே நின்றுவிடுகிறது. கிறிஸ்தவர் இதைத் தம் சமூகம் பிறந்த நாளாகக் கொள்ள, பர்மியத் தேசியவாதிகளில் பலர் மிஷனரிகளின் வருகையை அந்நிய ஆட்சிக்குப் போட்ட பாதையாகவே பார்த்தனர். இந்தப் பிளவுக்கு ஜட்சனின் செயல்களைவிட, அவர் வாழ்வில் எந்த நிகழ்ச்சியை விழாவாக்கினார்கள் என்பதே பெரிய காரணம். முதல் ஞானஸ்நானம் நடந்த நாளும் வேதாகம மொழிபெயர்ப்பு முடிந்த நாளும் கைவசம் இருக்க, அயல்நாட்டார் ஒருவர் கப்பலை விட்டு இறங்கிய நாளே திருநாளாயிற்று. பதினோரு ஆண்டுகளில் அதே துறையில் ஆங்கிலேயப் படை இறங்கியது. இரண்டு இறக்கங்களையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை பிற்கால அரசியலுக்கு இருக்கவில்லை.

ஜட்சன் பர்மாவுக்கு வந்த முதல் கிறிஸ்தவப் போதகர் அல்லர். கத்தோலிக்கரான பர்னபைத் குருமார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு பணியாற்றினர். சீர்திருத்த சபையினரிலும் செராம்பூரிலிருந்து சென்ற பெலிக்ஸ் கேரி அவருக்கு மூத்தவர். ஆகவே ‘முதல் மிஷனரி’ என்ற பட்டத்தை, நிலைத்து நின்ற சபையை முதலில் நிறுவியவர் என்ற பொருளில் கொள்வதே பொருந்தும். அவர் ரங்கூனைத் தேடிப் போனார் என்பதும் முழு உண்மையாகாது. 1812இல் கல்கத்தாவில் இறங்கிய அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார். கம்பெனியின் பிடிக்குத் தப்ப அப்போது கிடைத்த கப்பல் ரங்கூன் போகும் ‘ஜார்ஜியானா’; அதில் ஏறிவிட்டார். வழியில் ஆனுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. கம்பெனியாரால் விரட்டப்பட்டவரைக் கம்பெனியாரின் முன்னோடியாகச் சித்திரிப்பது இந்த வரலாற்றின் முரண்.

ஆறாண்டு மொழி கற்றபின், 1819இல் பாதையோரத்தில் ஒரு ‘சயாத்’ கட்டினார் ஜட்சன். வழிப்போக்கர் இளைப்பாறவும் அறவுரை கேட்கவும் பௌத்தர்கள் கட்டும் மண்டபத்தின் அமைப்பு அது. அவ்வாண்டு ஜூன் 27 அன்று மௌங் நாவ் முதல் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு, பொன்தகடு ஒட்டிய ஆறு தொகுதிகளாக வேதாகமத்தை எடுத்துக்கொண்டு மன்னர் பாஜிடோவிடம் சமயப் பொறுமை வேண்டிச் சென்றார். உடன் நீட்டிய துண்டுப்பிரசுரத்தின் முதல் வரிகளைப் படித்த மன்னர் அதைக் கீழே நழுவவிட்டார் என்பது மிஷனரிகளின் குறிப்பு. 1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டதும், வெள்ளையர் எவரும் ஒற்றரே என்று கருதிய, அவாவைத் தலைநகராகக் கொண்ட பர்மிய அரசு ஜட்சனைச் சிறையில் தள்ளியது. இரவில் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கிடையே மூங்கிலைச் செருகி, தோள் மட்டும் தரையில் படும்படி உயர்த்திவிடுவார்கள். புதிய ஏற்பாட்டின் பர்மியக் கைப்பிரதியை ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். மழையில் அழியுமென்று அஞ்சி, பின்பு பஞ்சுத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். சிறையில் ஜட்சனிடம் இருந்த அது, எவரும் ஆசைப்படாதபடி கரடுமுரடாக இருந்தது. கைதிகளை இடம் மாற்றியபோது காவலர் உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இருந்த உருண்டையை எறிந்துவிட்டனர். மௌங் இங் என்ற சீடர், ஆசானின் நினைவாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்தார். பல மாதங்கள் கழித்துப் பிரித்தால் பிரதி பழுதின்றி இருந்தது. ஜட்சன் நாளுக்கு ஒரு பொருளை அடையாளமாக வைக்கலாமென்றால் கப்பலைவிட இந்தத் தலையணை தகுதியானது. அதைக் காத்தவர் உள்ளூர்க்காரர்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1826 பிப்ரவரி 24 அன்று கையெழுத்தான யாண்டபோ உடன்படிக்கைப் பேச்சில் ஜட்சன் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அராக்கானையும் தெனாசரிமையும் பறித்து, ஒரு கோடி ரூபாய் தண்டமும் விதித்த உடன்படிக்கை அது. அவரைச் சிறையிலிருந்து எடுத்து அந்த வேலைக்கு அமர்த்தியது பர்மிய அரசவையே என்பது உண்மைதான். ஆனால் அவ்வாண்டே ஆங்கிலத் தூதர் கிராபர்டுடன் அவர் மீண்டும் அவாவுக்குச் சென்றது தாமே ஏற்ற பணி. ஆன் ஆம்ஹர்ஸ்ட்டில் அக்டோபர் 24 அன்று இறந்தபோது அவர் அந்தப் பயணத்தில்தான் இருந்தார். மிஷனும் ஆங்கிலேயர் கைக்கு மாறிய மௌல்மீனில் வேரூன்றியது. உடந்தை என்று இதைச் சொல்வதா, புகலிடம் என்பதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

பர்மியரிடையே மெல்ல நகர்ந்த பணி, சிறுபான்மை இனமான கரேன் மக்களிடையே வேகம் பிடித்தது. கடனடிமையாக இருந்து ஜட்சனால் மீட்கப்பட்ட கோ தா பியூ 1828 மே 16 அன்று டவோயில் ஜார்ஜ் போர்ட்மனிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஜொனதன் வேட் 1830களில் கரேன் மொழிக்கு எழுத்து வகுத்தார். ஜட்சன் இறக்கும்போது விசுவாசிகள் 7,000க்கு மேல் என்றும் 8,000 என்றும் கணக்குகள் மாறுபடுகின்றன. பெரும்பாலோர் கரேன்கள் என்பதில் கருத்து வேறுபாடில்லை. 1852 போருக்குப் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும் ஐராவதிக் கழிமுகமெங்கும் சபைகள் பெருகின.

 அந்தக் கழிமுகத்தின் பௌத்த ஊர்களில் ஜூலை என்றால் வாஸோ பௌர்ணமி. பிக்குகளுக்குச் சீவரம் தானம் செய்து மழைக்கால நோன்பு தொடங்கும் காலம். ஜூலை 19, விடுதலைத் தலைவர் ஆங் சான் முதலியோர் 1947இல் கொல்லப்பட்ட தியாகிகள் நாள். நாட்டின் சமய நினைவும் அரசியல் நினைவும் அடுத்தடுத்து வரும் மாதத்தில் ஒரு சிறுபான்மையின் வருகைநாளும் நெருங்கி நிற்கிறது.

கரை சேர்ந்த நாளைக் கொண்டாடுவதில் தவறென்ன, தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இறங்கியதைத் தமிழ்ச் சபைகளும் நினைவுகூர்கின்றனவே என்று கேட்கலாம். அந்நாள் தமிழரை இரு அணிகளாக்கவில்லை என்பது மெய். ஆனால் தரங்கம்பாடியைத் தொடர்ந்து எந்த ஓர் இனமும் சமயத்தால் அடையாளம் காணப்பட்டு ஆயுதம் ஏந்தவில்லை. பர்மாவில் 1949 ஜனவரியில் கரேன் போர் வெடித்தது. அதன் தலைமையில் பாப்டிஸ்டுகள் மிகுதி. கரேன் மக்களில் பெரும்பாலோர் பௌத்தர்களாக இருந்தும் ‘கரேன் என்றால் கிறிஸ்தவர்’ என்ற எண்ணம் நிலைத்தது. 1994 டிசம்பரில் பௌத்தக் கரேன் படையினர் கிளர்ச்சி அமைப்பிலிருந்து பிரிந்ததும், அடுத்த மாதம் அவ்வமைப்பின் மானர்பிளாவ் தலைமையகம் வீழ்ந்ததும் அந்த எண்ணத்துக்குக் கொடுத்த விலை. ஜட்சன் நாளை வட அயர்லாந்தின் ஜூலை 12 ஊர்வலங்களோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. அங்கே 1690இன் போர்வெற்றி தெருவில் முழங்குகிறது. இங்கே கொண்டாடுபவர்கள் வெல்லாத சிறுபான்மையினர். நாள் தேர்வில் கவனம் இருந்தால் பிளவு குறையும் என்பதற்குச் சான்று கரேன் புத்தாண்டு. எந்த மதத்துக்கும் உரிமையில்லாத பியாதோ மாதத்து முதல் நாளைத் தேர்ந்ததால், 1938 முதல் அது இரு சமயத்தாருக்கும் பொதுவாயிற்று.

பிந்தைய வரலாறு சுருக்கமானது. 1920இல் ஜட்சன் கல்லூரி ரங்கூன் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. 1961இல் பௌத்தம் அரச சமயமானது. 1962இல் இராணுவ ஆட்சி வந்தது. 1965இல் மிஷன் பள்ளிகள் அரசுடைமையாகி, 1966இல் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டனர். 2013இல் இருநூறாண்டு விழா யாங்கோனில் (பழைய ரங்கூன்) நடந்தது. 2014 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர் சுமார் 6 விழுக்காடு. அந்நியர் போனபின்னும் சபை அரை நூற்றாண்டாக உள்ளூரார் கையிலேயே வளர்ந்திருப்பது, வருகைநாளின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்குப் போதிய மறுமொழி. ஜட்சனின் பர்மிய வேதாகமம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவர் தொடங்கிய அகராதி சமய எல்லை கடந்து பயன்பட்டது. நினைவுநாளின் எடையைத் துறைமுகத்திலிருந்து இந்த நூல்களுக்கும் மௌங் நாவ், மௌங் இங் முதலியோருக்கும் மாற்றினால், கொண்டாடுபவர்கள் எதையும் இழக்கமாட்டார்கள்; ஐயுறுபவர்களுக்கும் பிடிமானம் குறையும்.