ஒரு செஸ்னா, இரு காக்பிட்

வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: மேலே தூக்கி வைத்த இறக்கை, மூன்று சக்கரம், நான்கு இருக்கை. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955இல். அதற்குப் பிறகு 44,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுவிட்டன. 1980களின் தொடக்கத்தில் வந்த 172 ஒன்றையும், 2000களின் நடுவில் கண்ணாடித் திரைகளோடு வந்த 172எஸ் ஒன்றையும் அருகருகே நிறுத்தினால், கதவைத் திறக்கும்வரை பயிற்சி மாணவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

புதியது நிறையக் காட்டும், பழையது குறைவாகக் காட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வம் இல்லை. கோளாறு வரும்போது எது வாய்விட்டுச் சொல்கிறது, எது மறைக்கிறது என்று பார்த்தால்தான் இந்த இரண்டும் உண்மையாகப் பிரிகின்றன.

முதலில் இன்ஜின். இரண்டிலும் இருப்பது லைகாமிங்தான். எதிரெதிரே படுத்த நான்கு சிலிண்டர்கள், காற்றே குளிர்விக்கும் அமைப்பு. பழையது 160 குதிரைத்திறன், புதியது 180. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்குத் தீப்பொறி தருபவை இரண்டு மேக்னட்டோக்கள். மேக்னட்டோ இன்ஜின் சுழற்சியிலிருந்தே தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் செத்தாலும் புரொப்பெல்லர் சுற்றும். புறப்படும் முன் பழையதை நிமிடத்துக்கு 1,700, புதியதை 1,800 சுற்றில் வைத்து, மேக்னட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். சுற்று கொஞ்சம் இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் கோளாறு என்பது எல்லோருக்கும் புரியும். துளியும் இறங்காவிட்டால் மகிழக் கூடாது என்பதுதான் மாணவர்களுக்குப் புரியத் தாமதமாகிறது. அந்த மேக்னட்டோ அணையவே இல்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். நிறுத்திவைத்த விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் தள்ளுகிறவருக்கு அது ஆபத்து.

எரிபொருள் காற்றோடு கலக்கும் இடத்தில்தான் பாதை பிரிகிறது. பழையதில் கார்புரேட்டர். குறுகிய தொண்டை வழியே காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் அந்த இடத்தின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சரியக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி கட்டும். வெளியே பனி பெய்ய வேண்டியதில்லை. 20 டிகிரி வெயிலிலும், சில வேளை அதைவிடச் சூடான ஈரக்காற்றிலும் இது நடக்கும். நம் கடற்கரைக் காற்றும் விலக்கல்ல. இறங்குவதற்காகத் த்ராட்டிலைக் குறைத்திருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

அறிகுறி என்ன? சுற்றுமானி முள் மெல்ல மெல்ல இறங்கும். அலாரம் கிடையாது. மாணவர் த்ராட்டிலைச் சற்றுக் கூட்டுவார், முள் ஏறும், பிறகு மறுபடி இறங்கும். இதற்கென இருப்பது கார்புரேட்டர் ஹீட். புகைபோக்கியின் சூட்டில் காய்ந்த காற்றை உள்ளே விடும் குமிழ். அதை இழுத்ததும் நிலைமை மோசமானதுபோலத் தோன்றும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உருகிய நீர் வேறு இன்ஜினுக்குள் போகிறது. இன்ஜின் இருமும், சுற்று இன்னும் விழும். பயந்து குமிழைத் திரும்பத் தள்ளினால் பனி மிஞ்சும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால் சிறிது நேரத்தில் இன்ஜின் தெளியும். மருந்தே நோயைப்போல நடிக்கும் இந்த இடத்தில் எத்தனை பாடம் படித்திருந்தாலும் கை நடுங்கும்.

172எஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. பம்பு எரிபொருளை அழுத்தித் தள்ள, ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் அது தெளிக்கப்படுகிறது. அதன் பிடிவாதம் தரையில்தான். பறந்து வந்து அரை மணி நிறுத்திவைத்த சூடான இன்ஜினில், சிலிண்டர்களுக்கு மேலே ஓடும் மெல்லிய குழாய்களுக்குள் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். ஏப்ரல் மாத மதியத்தில் கிளப்பப் பார்த்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. எரிச்சல் வரும், வியர்வை வரும்; உயிருக்கு ஒன்றும் இல்லை.

காக்பிட்டுக்குள் வருவோம். பழையதில் மாணவருக்கு எதிரே ஆறு வட்டங்கள். வேகமானி, உயரமானி, ஏறியிறங்கும் வீதத்தைக் காட்டும் மானி ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தை நம்பியவை. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானமும் திசைகாட்டும் ஜைரோவும் இன்ஜின் ஓட்டும் வெற்றிடப் பம்பை நம்பியவை. திருப்பத்தைக் காட்டும் ஆறாவது மானி மின்சாரத்தில் ஓடும். இந்தப் பிரிவு தற்செயலானதல்ல. ஒரு மூலம் செத்தால் இன்னொன்று சாட்சி சொல்ல வேண்டும்.

வெற்றிடப் பம்பு உடைந்த கணத்தில், உள்ளே சுழலும் சக்கரமான ஜைரோ நிற்காது. வேகம் தணியும் பம்பரம் முதலில் தலை சாய்வதுபோல, செயற்கைத் தொடுவானம் மெதுவாக ஒருபக்கம் சரியும். மேகத்துக்குள் இருக்கும் விமானி, சாய்ந்தது விமானம் என்று நம்பி அதை ‘நேராக்குவார்’. உண்மையில் நேராக இருந்த விமானம் அப்போதுதான் சாயத் தொடங்கும். திருப்பமானியையும் காந்தத் திசைகாட்டியையும் வேகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறவருக்கே பொய் சொல்வது எது என்று தெரியும்.

172எஸ்ஸில் இருப்பது கார்மின் ஜி1000 என்ற கருவித் தொகுதி. 10.4 அங்குலத்தில் இரண்டு திரைகள். எட்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிய தொடுவானம் இங்கே திரையின் முழு அகலத்துக்கும் விரிகிறது. இந்தத் தொடுவானத்துக்குச் சுழலும் சக்கரம் கிடையாது. சிறு உணரிகளும் கணினியும் சாய்வைக் கணக்கிடுகின்றன. வேகப் பட்டையின் ஓரத்தில் ஒரு கோடு, இன்னும் ஆறு வினாடியில் வேகம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லிவிடும். உணரி செத்தால் தொடுவானம் சரிந்து ஏமாற்றாது. அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். இந்த நேர்மைக்காகவே எனக்கு இந்தத் திரையைப் பிடிக்கும்.

ஆனால் அந்த நேர்மைக்கு ஓர் எல்லை உண்டு. வேகமும் உயரமும் இங்கேயும் இறக்கைக்கு அடியிலுள்ள பிட்டோ குழாயிலிருந்தும், உடற்பக்கத்து ஸ்டாட்டிக் துளையிலிருந்தும்தான் வருகின்றன. துளை அடைபட்டால் பழைய மானியில் உயரம் உறைந்து நிற்கும். வேகமானி, விமானம் ஏறும்போது, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கணினிக்கும் அதே பொய்தான் போகிறது, திரையில் எண்ணாக அழகாக வருகிறது. 1996 அக்டோபர் 2ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில் லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 603 ஒரு போயிங் 757. திரைகள் கொண்ட பெரிய விமானம். கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்திருந்தார்கள். குழம்பிய விமானிகள் தரைக் கட்டுப்பாட்டிடம் உயரம் கேட்டார்கள். அங்கிருந்தவர் படித்துச் சொன்னது, அந்த விமானமே அனுப்பிக்கொண்டிருந்த தவறான உயரத்தை. 70 பேரும் கடலில் இறந்தனர்.

திரை வந்ததால் சிறு விமானங்கள் பாதுகாப்பாகிவிட்டனவா? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், திரை விமானங்களுக்கு மொத்த விபத்து வீதம் குறைவாகவும், உயிரிழப்பு விபத்து வீதம் கூடுதலாகவும் இருந்தது. இதைத் திரையின் குற்றமாக மட்டும் படிக்கக் கூடாது. முள் விமானங்கள் ஒப்பீட்டில் கூடுதலாகப் பயிற்சிக்கும், திரை விமானங்கள் நீண்ட பயணத்துக்கும் மோசமான வானிலையிலும் பயன்பட்டவை. கருவிக்கு ஏற்ற தனிப் பயிற்சி வேண்டும் என்றது வாரியம்.

தனியாக முதல்முறை பறக்கும்வரை மாணவர் பழைய விமானத்தில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். யாரையும் முழுதாக நம்பாமல் கண்ணைச் சுழற்றும் பழக்கத்தை முட்கள்தான் வற்புறுத்திக் கற்பிக்கின்றன. இரவுப் பயணத்துக்கும் தொலைதூரத்துக்கும் வந்தபின் புதியதே மேல்.

ஒரு குறை இரண்டுக்கும் பொது. பழையதில் பயிற்றுநர் தொடுவானத்தின் மேல் ரப்பர் மூடியை ஒட்டி, “இது செத்துவிட்டது” என்பார். புதியதில் திரையின் ஒளியை அணைத்துவிட்டு அதையே சொல்வார். இரண்டிலும் மாணவருக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்துவிடுகிறது. சொல்லாமல் மெல்லச் சாயும் ஜைரோவைப் பழக, தரையிலுள்ள சிமுலேட்டரில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அதற்கும் பயிற்றுநர் முன்னறிவிப்பு இல்லாமல் பொத்தானை அழுத்த வேண்டும்.