வெட்டும் கை, அளக்கும் கை

ஒரு வீடியோ எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? வடபழனியில் யூடியூப் சேனல்களுக்கு எடிட்டிங் செய்து பிழைக்கும் என் காதில் தினமும் விழும் கேள்வி இது. 2011-இல் கேட்டிருந்தால் "ரெண்டு, மூணு நிமிஷம் போதும்" என்றிருப்பார்கள். 2017-இல் "பத்து நிமிஷத்தைத் தாண்டிடணும்" என்றார்கள். 2020 கடைசியில் "எட்டே போதும்" என்று இறங்கினார்கள். இன்று பாதிப் பேர் முப்பது செகண்ட் கேட்கிறார்கள், அதுவும் செங்குத்தாக. இந்த நீளங்களில் எதையும் சமைப்பவரோ நடிப்பவரோ வெட்டுபவரோ தீர்மானிக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் இருக்கும் யூடியூப் அலுவலகத்தில் எதை அளப்பது என்று முடிவெடுத்தார்கள். இங்கே என் டைம்லைன் நீண்டது, குறுகியது. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இன்றைய விதியை என்றைக்கும் இருந்த விதி என்று நம்புகிறார்கள். ஒவ்வொரு விதிக்கும் பிறந்த தேதி உண்டு. அதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்தில் பரிந்துரைக்கும் இயந்திரமே கிடையாது. 2005 ஏப்ரல் 23 அன்று, நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசிய வீடியோதான் முதலில் ஏறியது. இருபது வினாடிகூட வராது. அந்த முதல் வருடங்களில் முகப்புப் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை அலுவலகத்தில் இருந்த மனிதர்கள் பார்த்துப் பொறுக்கினார்கள். 2006-இல் 165 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியது. 2007-இல் விளம்பரப் பணத்தில் படைப்பாளிகளுக்குப் பங்கு தரத் தொடங்கினார்கள். பரிந்துரை அமைப்பு வந்தது 2008-இல். அது மிக எளிய சங்கதி: அதிகம் பேர் பார்ப்பதை வரிசைப்படுத்தி எல்லோருக்கும் காட்டும்.

வியூஸ்தான் கணக்கு என்றானதும் கிளிக்கை வாங்குவது ஒரு தனித் திறமையாகிவிட்டது. அப்போது தம்ப்நெயிலை நாமே வடிவமைத்து ஏற்றும் வசதி எல்லோருக்கும் இல்லை. தளமே வீடியோவுக்குள்ளிருந்து சில ஃபிரேம்களை எடுத்து நீட்டும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சரிபாதி இடத்திலிருந்து ஒரு ஃபிரேம் எடுக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள், வீடியோவின் நடுவில் கவர்ச்சியான ஒரு படத்தைக் கண் சிமிட்டும் நேரத்துக்குச் செருகி வைத்தார்கள். உள்ளே பார்த்தால் அந்தப் படத்துக்கும் வீடியோவுக்கும் சம்பந்தமே இருக்காது. 2012 தொடக்கத்தில் 'ரிப்ளை கேர்ள்ஸ்' என்று ஒரு கூட்டமே கிளம்பியது. பிரபலமான ஒரு வீடியோவுக்குப் பதில் வீடியோ போடுவார்கள். தம்ப்நெயிலில் கழுத்திறங்கிய உடை. உள்ளே சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய வீடியோதான் 'தொடர்புடையவை' பட்டியலில் மேலே நின்றது.

2012 மார்ச்சில் அளவுகோலை மாற்றினார்கள். எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபரில் தேடல் முடிவுகளுக்கும் அதே அளவு வந்தது. மாற்றிய உடனே வியூஸ் 20 சதவீதம் சரிந்தது என்று பரிந்துரைப் பிரிவின் பொறியியல் தலைவர் கிறிஸ்டோஸ் குட்ரோ பின்னாளில் எழுதியிருக்கிறார். சொந்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு விழுவதைப் பார்த்துக்கொண்டே பின்வாங்காமல் இருந்தார்கள். இந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். பொய்த் தம்ப்நெயில்காரர்களின் கடை அதோடு சாத்தப்பட்டது.

ஆனால் பொய் சொல்லாதவர்களும் அடிபட்டார்கள். இரண்டு நிமிட அனிமேஷன் செய்யப் பல வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். பார்க்க ஆகும் நேரம் இரண்டே நிமிடம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், வீடியோ கேம் ஆடிக்கொண்டே அரை மணி நேரம் பேசுகிறவர் தினம் ஒன்று ஏற்றலாம். பார்த்த நேரத்தை எடை போடும் தராசில் யார் பக்கம் தாழும் என்று சொல்லத் தேவையில்லை. 2013 ஆகஸ்டில் உலகிலேயே அதிக சப்ஸ்கிரைபர் கொண்ட சேனலாக பியூடிபை வந்து நின்றது. ஸ்வீடன்காரர் ஒருவர் கேம் ஆடிக்கொண்டு பேசும் சேனல். அவருடைய உழைப்பையும் நகைச்சுவையையும் குறைத்துச் சொல்லவில்லை. கையால் வரைந்து உயிர் கொடுக்கும் ஒரு கலைக்கு, அதே மேடையில், அதே மாதங்களில் தரை நழுவியது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் வரலாறு பாதிதான்.

அப்போது நான் மதுரையில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். முகூர்த்தம், ரிசப்ஷன், நலங்கு என்று மூன்று டிவிடி. மணப்பெண்ணின் அம்மா மூன்றையும் விடாமல் பார்ப்பார். தம்பி முறை வேண்டியவர் மாலை போட்ட இடம் விட்டுப்போனால் போன் வரும். அங்கே அளவுகோல் அந்த வீட்டு மனுஷிதான். நேரில் பேசலாம், கேட்கலாம். இந்த வித்தியாசத்தை யூடியூப் வேலைக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை முழுதாக வந்து சேர்ந்தது 2016 செப்டம்பரில். அந்த மாதம் 5-ஆம் தேதி ஜியோ தொடங்கியது; டேட்டா இலவசம். அதுவரை ஒரு பாட்டை டவுன்லோட் செய்து புளூடூத்தில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் நேராக யூடியூபில் உட்கார்ந்தார்கள். 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டு உலகம் சுற்றியபோது பெரும்பாலும் ஆளுக்கு ஆள் லிங்க் அனுப்பித்தான் அது சுற்றியது. ஜியோவுக்குப் பிறகு லிங்க் அனுப்ப ஆள் தேவைப்படவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்தது.

அந்த அடுத்ததை எது தேர்ந்தெடுத்தது? அதே செப்டம்பரில் பாஸ்டனில் நடந்த ஒரு மாநாட்டில் பால் கோவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்கின் என்ற மூன்று கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வறிக்கை அதைத் திறந்து காட்டியது. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம், லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து உங்களுக்குப் பொருந்தக்கூடிய சில நூறை வலை போட்டு எடுக்கிறது. நீங்கள் முன்பு பார்த்தவை, தேடியவை எல்லாம் அதற்குத் துப்பு. இரண்டாம் கட்டம் அந்தச் சில நூறையும் வரிசைப்படுத்துகிறது. எந்த அடிப்படையில்? இதை உங்கள் முன் வைத்தால் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்ற கணிப்பின் அடிப்படையில். அடுத்த மாதம், அக்டோபர் 2016-இல், உலகம் ஒரு நாளில் யூடியூப் பார்க்கும் நேரம் 100 கோடி மணி நேரத்தைத் தொட்டது. 2012-இல் வைத்த இலக்கு அது. புதிதாக வந்த தமிழ்ப் பார்வையாளரும் நன்றாகப் பழக்கப்பட்ட இயந்திரமும் ஒரே பருவத்தில் சந்தித்தார்கள்.

அதன் பிறகு எங்கள் எடிட்டிங் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். சேனலின் பின்பக்கத்தில் ரிடென்ஷன் கிராஃப் என்று ஒரு கோடு இருக்கும். வீடியோவின் ஒவ்வொரு வினாடியிலும் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று காட்டும். இடது ஓரத்தில் உச்சியில் தொடங்கி, முதல் அரை நிமிடத்துக்குள் சரசரவென்று இறங்கும், பிறகு மெல்லச் சாயும். ஒரு சமையல் சேனல் அக்காவின் வீடியோவை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். லோகோ சுற்றி வரும் இடத்தில் ஒரு பள்ளம். "எல்லாருக்கும் வணக்கம், எப்படி இருக்கீங்க" என்ற இடத்தில் இன்னொன்று. வெங்காயம் பொன்னிறமாக வதங்கும் இடத்தில் நீளமான சரிவு. குழம்பு கொதித்து எண்ணெய் பிரியும் இடத்தில் கோடு திரும்ப மேலே ஏறியது. ஓட்டிவிட்டு நேராக அங்கே வந்திருக்கிறார்கள்.

"அப்போ வெங்காயத்தை எடுத்துரலாமா தம்பி?" என்றார்.

"வதங்குறது முழுசாப் பார்த்தாத்தானக்கா பக்குவம் தெரியும்?"

"எனக்குத் தெரியுது. இந்தக் கோட்டுக்குத் தெரியலையே."

வணக்கத்தை எடுத்தோம். லோகோ போனது. கொதிக்கும் குழம்பின் ஐந்து வினாடித் துண்டை முன்னால் கொண்டுவந்து வைத்தோம். தொழிலில் அதற்கு ஹூக் என்று பெயர். வெங்காயத்தை மூன்று ஜம்ப் கட்டில் முடித்தோம். ஊர் முழுக்க எல்லா எடிட்டர்களும் இதையே செய்தார்கள். இன்று தமிழ் யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் உச்சக்கட்டம் முதலில் வருகிறது என்றால், அந்தக் கோட்டைப் பார்த்து நாங்கள் வெட்டிய வெட்டுதான் காரணம்.

கூடவே பத்து நிமிடக் கணக்கும் சேர்ந்துகொண்டது. பத்து நிமிடத்தைத் தாண்டிய வீடியோவுக்குத்தான் அப்போது நடுவில் விளம்பரம் செருக முடிந்தது. ஆறு நிமிடத்தில் முடியும் விஷயத்தை பத்து நிமிடம் ஒரு வினாடிக்கு இழுக்கும் வித்தை அதனால் வந்தது. 2020 ஜூலையில் அந்த வரம்பை எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். இழுக்கும் தூரம் இரண்டு நிமிடம் குறைந்தது, அவ்வளவுதான்.

பார்த்த நேரம் மட்டுமே அளவானால் ஆபத்து என்பது சீக்கிரமே தெரிந்தது. 2017-இல் வெறுப்பு வீடியோக்களின் மேல் தங்கள் விளம்பரம் ஓடுவதைக் கண்ட பெரிய நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. 2018 ஜனவரியில் விதி இறுகியது: 1,000 சப்ஸ்கிரைபரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் மானிடைசேஷன். சின்னச் சேனல்கள் எத்தனையோ ஒரே அறிவிப்பில் வரிசையிலிருந்து வெளியே நின்றன. அதே மாதம் யூடியூபின் நீல் மோகன், பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரையின் வழியே வருகிறது என்று சொன்னார். தேடி வருபவர் சிறுபான்மை என்பது அப்போதுதான் எங்களில் பலருக்கு உறைத்தது. யூடியூபில் முன்பு வேலை பார்த்த கியோம் ஷாஸ்லோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், நேரத்தைத் துரத்தும் இயந்திரம் பரபரப்பையும் பொய்யையும் மேலே தூக்குகிறது என்று பொதுவெளியில் பேசினார். 2019 ஜனவரியில், விதியை மீறாமல் விளிம்பில் நிற்கும் தவறான தகவல் வீடியோக்களைப் பரிந்துரையில் குறைக்கப்போவதாக நிறுவனமே அறிவித்தது. பார்த்து முடித்தவரிடம் திருப்தியா என்று கேட்டு வாங்கும் பதில்களும் கணக்கில் சேர்ந்தன.

இதற்கிடையில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனலானது. நான் அந்த வீடியோக்களை எடிட்டர் கண்ணோடு திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பேச்சு குறைவு. போடுகிற பொருளின் பெயரை மட்டும் உரக்கக் கூவுகிறார்கள். அண்டா அளவில் சமையல், கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது. தமிழ் தெரியாதவருக்கும் ஒரு வினாடிகூடப் புரியாமல் போகாது. இயந்திரம் அதைக் கேரளத்திலும் வங்கத்திலும் தூக்கிக் கொடுக்க முடிந்ததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. பேச்சை நம்பி வாழும் சேனல்களுக்கு, வட்டார வழக்கில் நகைச்சுவை செய்பவர்களுக்கு, அந்தக் கதவு அப்படித் திறக்காது.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில் சோதனைக்கு விட்டது. வயல் வேலைக்கு நடுவே டிக்டாக்கில் ஆடிப் பாடிப் பேர் வாங்கியிருந்த கிராமத்து ஆட்கள் ஒரே இரவில் மேடை இழந்திருந்தார்கள். பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஷார்ட்ஸில் தம்ப்நெயிலுக்கும் தலைப்புக்கும் வேலை இல்லை. விரல் மேலே தள்ளுவதற்குள் முதல் வினாடி பிடித்தால் உண்டு. கேமராக்காரர்கள் அகலப் படத்தை எடுக்கும்போதே ஆளை நடுவில் நிறுத்தப் பழகினார்கள், பின்னால் செங்குத்தாகக் கத்தரித்துக்கொள்ள வசதியாக. இரண்டு பேர் எதிரெதிரே பேசும் காட்சி எழுதுவதே குறைந்தது. 2023 பிப்ரவரியில் ஷார்ட்ஸுக்கும் விளம்பரப் பங்கு வந்தது, படைப்பாளிக்கு 45 சதவீதம் என்ற கணக்கில். நீள வீடியோவில் அது 55. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். 2012-இல் எதை ஒழிக்க அவ்வளவு பாடுபட்டார்களோ, அந்த வெறும் எண்ணிக்கை திரும்பி வந்து நிற்கிறது. பணத்துக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றாலும், திரையில் தெரியும் எண் அதுதான்; விளம்பரம் தர வரும் கடைக்காரர் பார்ப்பதும் அதைத்தான். 2025 ஜூலையில் டிரெண்டிங் பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்த கடைசி இடம் அது.

இந்த இருபது வருடத்தில் அளவுகோல் மாறியபோதெல்லாம் நோக்கத்தில் நியாயம் இருந்தது. கிளிக் ஏமாற்றை ஒழிக்க நேரம் வந்தது. நேரத்தின் கெடுதலைக் குறைக்கத் திருப்தி வந்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வகை வேலை தெரிந்தவர்கள் எந்தத் தவறும் செய்யாமல் வருமானம் இழந்தார்கள், அவர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை கிடைத்தது அபூர்வம். ஆலையில் இயந்திரம் மாற்றினால் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், தொழிலாளியிடம் பேச வேண்டும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு அடுப்பெரிய வைக்கும் ஒரு தொழிலிலும் அந்த முறை வர வேண்டும் என்பது என் கட்சி. மாற்றத்தின் தேதியையும், எந்த வகை வீடியோ பாதிக்கப்படும் என்பதையும் மூன்று மாதம் முன்பே சொல்லச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சேனல் நடத்துபவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டால்தான் அது காதில் விழும்.

இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஷூட் செய்த முழுப் படத்தையும் ஹார்ட் டிஸ்கில் வைத்திருங்கள், வெட்டிய பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்காதீர்கள். எட்டு நிமிடத்துக்காக நறுக்கியதை நாளைக்கு நாற்பது நிமிடமாகக் கேட்கும் காலம் வரலாம். வெங்காயம் வதங்குவதை முழுதாகப் பார்க்க விரும்பும் ஆட்களுக்கு, சேனலிலேயே வெட்டாத பதிப்பு ஒன்றைத் தனியாக ஏற்றி வையுங்கள். வியூஸ் குறைவாக வரும், வரட்டும்.